பசிக்கு உணவு, அச்சத்துக்கு அபயம்
(பேரிடருக்குப் பின் புலம்பெயர்ந்தோரின் மனநலம்)

 

கோடையிலும் குளிரிலும் பயணம் செய்து பிழைத்த குறைஷியர் மீது தான் பொழிந்த அருட்கொடைகளை அல்லாஹ் ஒரு சிறிய ஸூராவில் நினைவூட்டுகிறான். அங்கே இரண்டு கொடைகள் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. ஒன்று, பசித்தபோது கிடைத்த உணவு. மற்றொன்று, அஞ்சியபோது கிடைத்த அபயம் (106:4). உணவைச் சொன்னதோடு இறைவன் நிறுத்திக்கொள்ளவில்லை. வயிறு நிறைந்திருந்தும் நெஞ்சில் அச்சம் குடியிருக்கும் மனிதனுக்குப் பாதி அருளே கிடைத்திருக்கிறது என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

புயலோ வெள்ளமோ வந்தால் முதலாவது கொடையைப் பகிர்ந்தளிப்பதில் நம் சமுதாயம் பின்தங்கியதில்லை. அல்ஹம்துலில்லாஹ், பள்ளிவாசல் வளாகங்களில் அண்டா அடுப்பேறிவிடுகிறது. அரிசி மூட்டைகளும் போர்வைகளும் லாரியில் ஏறிவிடுகின்றன. ஆனால் இரண்டாவது கொடையைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அதிலும், சொந்த மண்ணைப் பிரிந்து நம்மிடையே வந்து வாழ்பவர்கள் ஒரு பேரிடரில் சிக்கும்போது அவர்களுடைய மனம் என்ன பாடுபடுகிறது என்பதைப் பற்றிப் பேசுவது மிக மிகக் குறைவு. இம்மாதம் அதைப் பற்றித்தான் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கஜா கற்றுத்தந்த பாடம்

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. ரபீஉல் அவ்வல் மாதம். அன்று அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களோடு நம் புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடி, அறந்தாங்கி வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக நின்ற தென்னையும் பலாவும் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் இல்லாததால் குடிநீரும் இல்லை. நம் அன்னவாசல் வட்டாரத்து மக்களுக்கும் அந்த நாட்கள் மறந்திருக்காது.

அரசு கணக்கெடுத்தது. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு இழப்பீடாக 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அது தேவையான உதவிதான். ஆனால் அதன் இயல்பே, மரம் வைத்திருந்தவரை மட்டும் எண்ணுவது. மரமும் இல்லாமல் மண்ணும் இல்லாமல், பிறர் தோப்பிலும் பிறர் வீட்டுச் சுவரிலும் கூலிவேலை செய்து வாழ்ந்தவர் அந்தக் கணக்கில் எங்கே இருப்பார்?

நம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர்கள் வாழும் முகாம்கள் மூன்று உள்ளன. ஆலங்குடிப் பகுதியில் தோப்புக்கொல்லை, அறந்தாங்கிப் பகுதியில் அழியாநிலை, திருமயம் செல்லும் வழியில் லெணாவிளக்கு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்கி, 1990லும் அதன் பின்னரும் அலை அலையாகக் கடல் கடந்து வந்தவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் அங்கு வாழ்கின்றனர். ஆண்களில் பலர் பெயின்டிங் வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்பவர்கள். வந்தவர்களுக்குப் பத்துக்குப் பத்து அடி அறைதான் வீடாக ஒதுக்கப்பட்டது. ஓடும் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும்தான் கூரை. முகாமை விட்டு நினைத்தபோது வெளியூர் சென்று தங்கவும் இயலாது. கணக்கெடுப்பு நாளில் அதிகாரி முன் நிற்க வேண்டும். கஜாவில் பேரழிவு கண்ட வட்டாரங்களில்தான் இவற்றுள் இரண்டு முகாம்கள் உள்ளன.

ஷெல் விழும் ஓசை கேட்டுக் குழந்தைப் பருவத்தைக் கழித்த ஒருவருக்கு, நள்ளிரவில் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு பறக்கும் ஓசை எப்படிக் கேட்டிருக்கும் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நமக்கு அது புயல். அவருக்கு அது புயலோடு சேர்ந்து, ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்த இரவும்கூட. உள்ளூர்க்காரர் புயலில் வீட்டை இழந்தார் என்றால் ஊர் அவரிடம் எஞ்சியிருக்கிறது. மாமன் வீடு, மச்சான் வீடு, பட்டா, பழகிய கடைக்காரர், கடன் தருபவர் என்று பற்றிக்கொள்ளப் பல கொம்புகள் உண்டு. புலம்பெயர்ந்து வந்தவருக்கு அந்தச் சிறு கூரைதான் இரண்டாம் முறையாக எழுப்பிக்கொண்ட ஊர். அதுவும் பறந்துவிட்டால், இனி எங்கே போவது என்ற கேள்வி அவருடைய நெஞ்சைப் பிளக்கிறது.

மதீனாவில் பரவிய காய்ச்சல்

இந்த வேதனை நம் மார்க்க வரலாற்றுக்குப் புதியதன்று. முஸ்லிம்களின் முதல் ஹிஜ்ரத் மதீனாவுக்கன்று; ஹபஷாவுக்கு. அங்கே அவர்களுக்கு அடைக்கலம் தந்தவர் நஜ்ஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னர். ஆகவே அகதி என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கும் உரிமை உலகில் யாருக்கேனும் இருந்தாலும், கலிமா சொன்ன நமக்கு இல்லை.

பின்னர் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்த முஹாஜிர்களைப் புதிய ஊரின் தட்பவெப்பமும் காய்ச்சலும் வாட்டின. அபூபக்கர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் படுக்கையில் விழுந்தார்கள். இருவரையும் நலம் விசாரிக்கச் சென்ற அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண்டதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள், மக்காவின் பள்ளத்தாக்கையும், அங்கே வளரும் புற்களையும், சுனை நீரையும், மலைகளையும் மீண்டும் ஒருநாள் காண்பேனா என்று ஏங்கிக் கவிதை பாடினார்கள்.

எந்த மக்கா? சுடுமணலில் கிடத்தி, மார்பில் பாறையை ஏற்றி வதைத்த அதே மக்கா! வதைத்த ஊராயினும் பிறந்த ஊர் பிறந்த ஊர்தான். புலம்பெயர்ந்தவரின் மனத்தை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது. “அங்கே கொன்றார்கள் என்றுதானே ஓடிவந்தீர்கள், இன்னும் ஏன் அந்த ஊரையே நினைத்து அழுகிறீர்கள்?” என்று கேட்பவர்கள் பிலால் (ரலி) அவர்களின் இந்த ஏக்கத்தைச் சிந்திக்க வேண்டும்.

அன்னையார் இதைத் தெரிவித்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் பிலாலைக் கண்டிக்கவில்லை. ஈமானில் குறைவு என்று சொல்லவில்லை. துஆச் செய்தார்கள். அந்த துஆவில் நான்கு கோரிக்கைகள் இருந்தன. மக்காவைப் போல, அல்லது அதைவிடக் கூடுதலாக, மதீனாவை எங்களுக்கு உவப்பானதாக ஆக்கு என்பது முதலாவது. இவ்வூரை எங்களுக்கு ஆரோக்கியமானதாக ஆக்கு என்பது இரண்டாவது. இங்கே அளக்கும் மரக்காலிலும் படியிலும் பரக்கத் செய் என்பது மூன்றாவது. இந்தக் காய்ச்சலை இங்கிருந்து அகற்று என்பது நான்காவது.

அன்பர்களே! புலம்பெயர்ந்து வந்து பேரிடரிலும் சிக்கியவருக்கு என்னென்ன தேவை என்பதற்கு இதைவிட நிறைவான பட்டியல் ஏது? ஊரின் மீது பற்று, உடல்நலம், பிழைப்பு, ஆபத்து அகலுதல். இந்த நான்கில் நாம் வழக்கமாகக் கடைசி மூன்றைத்தான் நிவாரணம் என்கிறோம். நபிகளார் (ஸல்) அவர்கள் முதலில் கேட்டதோ ஊரின் மீது பற்று. வந்த ஊர் வந்தவருக்குச் சொந்த ஊராகும்போதுதான் அவருடைய மனம் ஆறும். அந்தப் பற்றை வந்தவர் தனியாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. அதை ஊரார்தான் தரவேண்டும்.

சாம்பல் ஆண்டில் கலீஃபா

ஹிஜ்ரி 18இல் அரபுநாட்டில் மழை பொய்த்தது. மண் சாம்பலாயிற்று. வரலாறு அதை ‘ஆமுர் ரமாதா’, சாம்பல் ஆண்டு என்கிறது. பாலைவனத்து மக்கள் கால்நடைகளை இழந்து, குடும்பத்தோடு மதீனாவைச் சுற்றி வந்து குவிந்தார்கள். இன்றைய மொழியில் சொன்னால், அவர்கள் சுற்றுச்சூழல் பேரிடரால் இடம்பெயர்ந்தவர்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வெளி மாகாணங்களின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி உணவு வரவழைத்தார்கள். ஷாமிலிருந்து அபூஉபைதா (ரலி) அவர்கள் உணவு ஏற்றிய ஒட்டகங்களோடு வந்தார்கள். பஞ்சம் தீரும்வரை ஜகாத் வசூல் தள்ளிவைக்கப்பட்டது. மக்கள் அனைவருக்கும் கிடைக்கும்வரை நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என்று உமர் (ரலி) அவர்கள் தம் மீது விதித்துக்கொண்டார்கள். எண்ணெயையே உண்டு அவர்களுடைய மேனியின் நிறம் மாறியது. மழை பெய்த பின்பு, வந்தவர்களை எழுந்து போங்கள் என்று விரட்டவில்லை. வழிக்கு உணவும் ஏறிச்செல்ல வாகனமும் தந்து அவரவர் இடத்துக்கு அனுப்ப ஆட்களை நியமித்தார்கள் என்று இப்னு ஸஅத் (ரஹ்) எழுதுகிறார்கள்.

கலீஃபா நெய்யைத் தவிர்த்ததால் யாருடைய வயிறும் நிறையவில்லை. ஆனால் ஆட்சியாளரே நம் பசியைத் தம் பசியாக ஆக்கிக்கொண்டார் என்று கூடாரத்தில் கிடந்தவர் அறிந்தபோது, நாம் கைவிடப்படவில்லை என்ற உறுதி அவருக்குப் பிறந்திருக்கும். அதுவே அபயம்.

மருத்துவம் சொல்வது என்ன?

பேரிடருக்குப் பின் அநேகமாக எல்லோருக்குமே மனக்கலக்கம் ஏற்படும் என்றும், பெரும்பாலோருக்கு அது காலப்போக்கில் தானே தணிந்துவிடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உறக்கமின்மை, திடுக்கிட்டு விழித்தல், பசியின்மை, காரணமின்றிக் கோபம், நெஞ்சுப் படபடப்பு, குழந்தைகள் தாயை விட்டு அகல மறுத்தல், படுக்கையை நனைத்தல் ஆகியவை முதல் சில வாரங்களில் இயல்பானவை. இவற்றைக் கண்டு ‘பைத்தியம்’ என்றோ ‘ஜின் பிடித்துவிட்டது’ என்றோ முத்திரை குத்துவது பெரும் அநீதியாகும்.

ஆனால் போரையும் பேரிடரையும் அடுத்தடுத்துக் கண்டவர்களின் நிலை வேறு. போர் பாதித்த மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருக்கும் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. அத்தகையவர் மீது புயலும் விழும்போது, பழைய காயம் மீண்டும் திறந்துகொள்கிறது.

இதற்கு முதலுதவி உண்டு. 2011இல் உலக சுகாதார நிறுவனமும் வேறு இரு அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு அதை மூன்று சொற்களில் அடக்குகிறது: பார், கேள், இணை. யார் தனித்து ஒடுங்கிக் கிடக்கிறார், யாருக்கு உடனடி ஆபத்து என்று பார்ப்பது. அருகில் அமர்ந்து, அவர் சொல்ல விரும்புவதை மட்டும் கேட்பது. உணவு, உறவினர், மருத்துவர், அரசு அலுவலகம் என எது தேவையோ அதனோடு அவரை இணைத்து விடுவது. இதற்குப் பட்டம் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார், ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி தந்துதான் கரையோர மக்களுக்கு ஆறுதல் பணியை நடத்தினார்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. “நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லுங்கள், மனப்பாரம் குறையும்” என்று பாதிக்கப்பட்டவரை வற்புறுத்தக் கூடாது. அப்படிக் கிளறுவது நன்மை தராது, சிலருக்குத் தீங்காகவும் முடியும் என்பது இன்று நிபுணர்களின் முடிவு. அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அருகில் இருங்கள். நோயாளியின் அருகில் அதிக நேரம் அமர்ந்து அவரைச் சிரமப்படுத்தாதீர்கள் என்று நலம் விசாரிக்கும் ஒழுக்கத்தில் நம் முன்னோர்கள் கற்றுத்தந்ததும் இதுவே.

நாவினால் சுடாதீர்கள்

மிம்பரில் நிற்பவர்களும் ஆறுதல் சொல்லச் செல்பவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. புயல் வந்த மறுவாரமே, “இது பாவத்தின் தண்டனை” என்று பேசுகிறோம். பிழைபொறுக்கத் தேடுவது எல்லோருக்கும் எக்காலத்துக்கும் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், இந்தப் புயல் உன் பாவத்துக்காகத்தான் வந்தது என்று சொல்லும் அறிவை அல்லாஹ் நம் யாருக்கும் தரவில்லை. வெள்ளத்தில் மூழ்கி இறந்த முஃமினையும், இடிபாட்டில் சிக்கி இறந்த முஃமினையும் ஷுஹதாக்களின் வரிசையில் சேர்த்தார்கள் நபி (ஸல்) அவர்கள் என்பது புகாரி, முஸ்லிமில் வரும் ஹதீஸ். ஷஹீதின் வீட்டாரிடம் குற்றவாளியின் வீட்டாரிடம் பேசுவதுபோலப் பேசலாமா?

“பொறுமையாக இருங்கள், அழாதீர்கள்” என்பதும் அவ்வாறே. யஃகூப் (அலை) அவர்கள் அழகிய பொறுமையை மேற்கொண்டார்கள் என்று குர்ஆன் புகழ்கிறது. அதே யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போயின என்றும் அதே ஸூரா சொல்கிறது (12:84). இரண்டுக்கும் முரண் இல்லை. கண்ணீர் ஸப்ருக்கு எதிரியன்று.

மேலும் யஃகூப் நபியின் துயரத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. மகன் இறந்தாரா, இருக்கிறாரா என்பதே அவர்களுக்கு உறுதியாகத் தெரியாது. அடக்கம் செய்ய உடல் இல்லை. பொய் இரத்தம் தோய்ந்த சட்டை மட்டும் கையில். இந்தத் துயரம் இன்றும் மலைகளில் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, கேரளத்தின் இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் மண்சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்தன. இறந்த 70 பேரும் பிழைப்புக்காக மலையேறிய தமிழ்க் குடும்பத்தார். அவர்களில் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பகுதி. நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் சிதைந்தபோது, அடையாளம் தெரியாத உடல்கள் எண்ணிட்டுப் புத்துமலையில் அடக்கம் செய்யப்பட்டன. எல்லாச் சமயத்தாரும் அங்கே நின்று பிரார்த்தித்தார்கள். உடல் கிடைக்காதவரின் வீட்டாரிடம் சென்று, “இன்னும் எத்தனை நாள் இப்படி?” என்று கேட்காதீர்கள். யூஸுபையே நினைத்து அழிந்துபோவீர்களோ என்று கேட்டவர்கள் அவருடைய பிள்ளைகள்தாம். தம் கவலையை அல்லாஹ்விடமே முறையிடுவதாகத்தான் அந்த நபி அவர்களுக்குப் பதில் சொன்னார்கள் (12:85, 86).

கடைவீதியைக் காட்டுங்கள்

ஹிஜ்ரத்துக்குப் பின் பெருமானார் (ஸல்) அவர்கள் முஹாஜிர் ஒருவரையும் அன்ஸார் ஒருவரையும் சகோதரர்களாக இணைத்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்த ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள், தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அவரோ பரக்கத்துக்கு துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்று கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று, தம் காலில் நின்றார்கள்.

கொடுத்தவரின் பெருந்தன்மையை நாம் பல பயான்களில் கேட்டிருக்கிறோம். பெற்றவரின் கண்ணியத்தையும் கவனியுங்கள். எல்லாம் இழந்தவரிடம் எஞ்சியிருப்பது அவருடைய கைத்திறன். அதைப் பயன்படுத்த இடம் கொடுப்பதே அவருடைய மனத்துக்கு முதல் மருந்து. முகாமில் இருப்பவர் பெயின்டர் என்றால், புயலில் சேதமான பள்ளிவாசலின் சுவரை அவரிடம் ஒப்படைத்து உரிய கூலியை அன்றே கொடுங்கள். நிவாரணப் பொருள் பிரித்துக் கொடுக்கும் குழுவில் அவர்களில் இருவரைச் சேருங்கள். கை நீட்டி வரிசையில் நின்றே பழகியவர், பிறருக்கு எடுத்துக் கொடுக்கும் இடத்தில் நின்றால் அவருடைய முதுகு நிமிரும்.

இலங்கைத் தமிழர் முகாம்களை ‘அகதிகள் முகாம்’ என்பதற்குப் பதில் ‘மறுவாழ்வு முகாம்’ என அழைக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அறிவித்தது. புதிய வீடுகள் கட்டும் திட்டமும் அப்போதே அறிவிக்கப்பட்டது. பெயர் மாற்றத்தால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கலாம். நாற்பது ஆண்டுகள் ஒருவரை ஒரே சொல்லால் அழைத்தால், அந்தச் சொல் அவருடைய பிள்ளையின் பள்ளிக்கூடம் வரை பின்தொடர்கிறது. ஆகவே அழைக்கும் பெயரும் மனநலத்தில் சேர்ந்ததே.

கடல் கடந்திருப்பவரும் புலம்பெயர்ந்தவரே

நம் மாவட்டத்தில் வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் செல்லாத ஆள் உள்ள முஸ்லிம் தெரு அரிது. கஜா இரவுக்குப் பின் கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தபோது, தாயின் குரலைக் கேட்க நாட்கணக்கில் காத்திருந்தவர்கள் அங்கே எத்தனை பேர்! வீடு இருக்கிறதா, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று தெரியாமலே மறுநாள் வேலைக்குச் சென்றவர்கள் அவர்கள். உடலில் ஒரு கீறலும் இல்லாததால் அவர்களையும் பாதிக்கப்பட்டவர்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. “நீ அங்கே நன்றாகத்தானே இருக்கிறாய், பணம் அனுப்பு” என்ற பதில்தான் கிடைக்கிறது.

2024 ஏப்ரல் 16இல் அமீரகத்தில் 75 ஆண்டுகளில் காணாத மழை பெய்து சாலைகள் மூழ்கியபோது நிலைமை தலைகீழானது. இங்கே குடும்பங்கள் கலங்கின. அந்த நேரத்தில் நம் சகோதரர்களின் அறைக்குக் குடிநீர் கொண்டுபோய்க் கொடுத்த அறிமுகமில்லாத ஒருவருக்காக நம் வீட்டுப் பெண்கள் எவ்வளவு துஆச் செய்வார்கள்! அதே துஆவை, பீஹாரிலோ வங்கத்திலோ அஸ்ஸாமிலோ இருக்கும் ஒரு தாய் நமக்காகச் செய்யும் வாய்ப்பு நம் ஊரிலேயே இருக்கிறது. நம் ஜும்ஆவின் கடைசி வரிசையில் தமிழ் பயான் புரியாமல் அமர்ந்திருக்கும் கட்டடத் தொழிலாளியும் உணவகத் தொழிலாளியும் யார்? அவர்களுடைய ஊரில் வெள்ளம் வந்தால் அவர்கள் யாரிடம் சொல்லி அழுவார்கள்? மத்ரஸாவில் உருது படித்த ஆலிம்கள் ஏறத்தாழ ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். தொழுகை முடிந்ததும் ஐந்து நிமிடம் அவர்களோடு அமர்ந்து, ஊரில் எல்லோரும் நலமா என்று கேட்பது பெரிய காரியமா?

ஜமாஅத் செய்ய வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை வருவதற்கு முன்பே ஒவ்வொரு ஜமாஅத்தும் சிலவற்றைச் செய்து வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: மஹல்லாவிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள வெளியூர், வெளிமாநிலத்தாரும் முகாம் வாழ் மக்களும் எத்தனை குடும்பம், அவர்களில் முதியவர், கர்ப்பிணி, தனித்து வாழும் பெண், மாற்றுத்திறனாளி யார் என்று அறிந்து வைத்திருப்பது. புயல் அன்று தேடத் தொடங்கினால் அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு: புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளிவாசல் மாடியும் மத்ரஸா மண்டபமும் அவர்களுக்கும் உரியவை என்று முன்கூட்டியே நேரில் சென்று சொல்வது. பெண்களுக்குத் தனி இடமும் கழிப்பறையும் விளக்கும் இருக்க வேண்டும். இருளும் மறைவின்மையும் பெண்களின் அச்சத்தைப் பன்மடங்காக்கும்.

மூன்று: சரியான செய்தியை நாள்தோறும் ஒருமுறையாவது சொல்வது. மின்சாரம் எப்போது வரும், உதவித்தொகை யாருக்கு, எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்ற தெளிவு உறக்கம் தரும். வதந்தி உறக்கத்தைப் பறிக்கும்.

நான்கு: உதவி பெறுபவரைப் படம் எடுக்காதிருப்பது. அவர் நம்மிடம் சொன்ன துயரம் அமானத். அதை மேடையில் கதையாக்குவது மோசடி.

ஐந்து: உதவியோடு பிரச்சாரத்தைக் கலக்காதிருப்பது. முகாம் மக்களில் மிகப் பெரும்பாலோர் ஹிந்து, கிறிஸ்தவ சகோதரர்கள். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்று, அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்ட நபியின் உம்மத் நாம். அவர்களுடைய துயரத்தை அவர்கள் தங்கள் கோயிலிலும் தேவாலயத்திலும் ஆற்றிக்கொள்ள வழிவிடுவதும் உதவியே. ஸதகாவை அவர்களுக்குத் தாராளமாக வழங்கலாம். ஜகாத் நிதியைப் பொறுத்தவரை அதன் சட்டங்களை உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டுச் செயல்படுக.

ஆறு: நாற்பதாம் நாளும் செல்வது. முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். லாரிகள் திரும்பிவிட்ட பிறகுதான் தனிமை தொடங்குகிறது. மாதம் ஒருமுறை, ஓராண்டு வரை, அதே ஆட்கள் அதே வீட்டுக்குச் சென்று நலம் விசாரித்தால், அதுவே அன்ஸார்களின் வழி.

மருத்துவரிடம் எப்போது?

சில வாரங்கள் கடந்தும் உறக்கமே இல்லாதவர், அன்றாட வேலையும் குளியலும் உணவும் கைவிட்டவர், துயரத்தை மறக்கக் குடியில் விழுந்தவர், இல்லாத குரல் கேட்பதாகச் சொல்பவர், சாவதைப் பற்றிப் பேசுபவர் ஆகியோருக்கு ஆறுதல் சொல் மட்டும் போதாது. குறிப்பாகச் சாவைப் பற்றிய பேச்சை, “சும்மா சொல்கிறார்” என்று ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். நோயைத் தந்தவன் அதற்கு மருந்தையும் இறக்கியுள்ளான் என்பது நபிமொழியின் கருத்து. மனநோய் அதற்கு விதிவிலக்கன்று. ஓதிப் பார்ப்பதும் துஆவும் நம் வழிமுறை. அவை மருத்துவத்தைத் தடுப்பதற்கு அல்ல.

மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலும் செயல்படுகிறது. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைக் காணலாம். தொலைபேசியில் பேச 14416 என்ற இலவச எண் உண்டு. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ திட்டத்தின்கீழ் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இது, தமிழகத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இரவும் பகலும் இயங்குகிறது. தமிழ் அறியாத வடமாநிலத் தொழிலாளர்களுக்கும் பயன்படும் வகையில் இத்திட்டத்தில் பல மொழிகளில் பேச வசதி உண்டு. இந்த எண்ணைப் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். அதற்கு ஒரு சுண்ணக்கட்டி போதும்.

அன்பார்ந்த சகோதரர்களே! தம்மிடம் ஹிஜ்ரத் செய்து வந்தோரை நேசித்ததையும், தமக்கே தேவை இருந்தபோதும் தம்மைவிட அவர்களுக்கு முன்னுரிமை தந்ததையும் எடுத்துக்காட்டித்தான் அல்லாஹ் அன்ஸார்களைப் புகழ்கிறான் (59:9). கொடுத்தலுக்கு முன்னே அங்கே நேசித்தல் சொல்லப்பட்டுள்ளது. அடுத்த புயல் எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் அது வரும்போது, தோப்புக்கொல்லையில் இருக்கும் ஒரு தாய்க்கும், நம் ஊர்க் கட்டடத்தில் தங்கியிருக்கும் ஒரு வடநாட்டு இளைஞனுக்கும், ஓடிச்சென்று கதவைத் தட்ட ஒரு வீடு இருக்கிறதா என்பது இன்று நம் கையில் உள்ளது.

யா அல்லாஹ்! ஊரை இழந்தோருக்கு நாங்கள் வாழும் ஊரை உவப்பானதாக ஆக்குவாயாக! அஞ்சியவர்களுக்கு அபயம் அளிப்பாயாக! கடல் கடந்திருக்கும் எங்கள் பிள்ளைகளையும், எங்களை நம்பி வந்திருக்கும் பிறர் பிள்ளைகளையும் பாதுகாப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.